முன்கணிப்புச் சந்தையும் பந்தயப் பரிவர்த்தனை நிலையமும்: மின்விளையாட்டுப் போட்டிகளை முன்னிட்டு ஓர் ஒப்பீடு

மேல்வகுப்பு மாணவர்கள் கைபேசித் திரையில் கணினி ஆட்டப் போட்டியொன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மோதும் இரு அணிகளின் பெயர்களுக்கு அருகே 60 என்றும் 40 என்றும் இரண்டு எண்கள் தோன்றுவதை ஆசிரியர்கள் சிலர் கண்டிருக்கலாம். வேறோர் இடத்தில் அதே போட்டிக்கு 1.67 என்றும் 2.50 என்றும் எண்கள் தரப்பட்டிருக்கும். இவ்வெண்கள் எங்கிருந்து வருகின்றன? இவற்றைக் கணக்கிடுவோர் யாவர்? இவை முறையான மதிப்பீடுகளா, அன்றிச் சூதாட்டத்துக்கான விளம்பரங்களா?

மாணவன் இவ்வாறு கேட்டால், “அது சூது, அதைப் பற்றிப் பேசாதே” என்று விடை கூறிவிடுவது எளிது. ஆனால் அவ்விடையால் கேள்வி தீர்ந்துவிடுவதில்லை. அவன் தனக்கு வேண்டிய விளக்கத்தை வேறிடத்தில், பெரும்பாலும் அவனிடமிருந்து பணம் பெற விரும்புவோரிடமே, கேட்டறிந்து கொள்கிறான். ஆதலின், இவ்வெண்களின் பிறப்பையும், அவற்றின் பொருளையும், அவற்றை நம்பக்கூடிய அளவையும் ஆசிரியரும் களப்பணியாளரும் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

எருதின் எடை

1906-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பிளிமத் நகரில் நடைபெற்ற கால்நடைக் கண்காட்சியொன்றில், கொழுத்த எருது ஒன்று நிறுத்தப்பட்டது. அதனை அறுத்துச் சுத்தம் செய்தபின் இறைச்சி எவ்வளவு எடை இருக்கும் என்பதை ஊகித்துச் சீட்டில் எழுதித் தர வேண்டும். சீட்டு ஒன்றின் விலை ஆறு பென்னி. ஊகம் சரியாக இருப்பவர்க்குப் பரிசு. இச்சீட்டுகளைப் பின்னர்ப் பெற்று ஆராய்ந்தவர் பிரான்சிஸ் கால்ட்டன் என்னும் அறிஞர். படிக்கத்தக்க நிலையிலிருந்த 787 சீட்டுகளை அவர் எடை வரிசையில் அடுக்கி, நடுவில் நின்ற மதிப்பை எடுத்தார். அது 1,207 பவுண்டு. எருதின் உண்மையான எடை 1,198 பவுண்டு. பிழை நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. இம்முடிவை அவர் 1907-ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்.

கசாப்புக்காரரும் உழவரும் அனுபவமற்ற வேடிக்கை பார்ப்போரும் கலந்த கூட்டத்தின் நடுமதிப்பு இத்துணைச் சரியாக இருந்ததற்குக் காரணங்கள் உண்டு. ஒவ்வொருவரிடமும் உண்மையின் ஒரு கூறு இருந்தது. பிழைகள் இரு திசைகளிலும் சிதறியிருந்தமையால் ஒன்றையொன்று கழித்துக்கொண்டன. ஆறு பென்னிக் கட்டணம் விளையாட்டாக எழுதுவோரைத் தடுத்தது. எல்லாவற்றிற்கும் மேலாக, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்து எழுதவில்லை. இக்கடைசி நிபந்தனையை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் இது மீண்டும் தேவைப்படும்.

கூட்டத்தின் மதிப்பீட்டைச் சீட்டுகளால் சேகரிப்பதற்கு மாறாக, வாங்கல் விற்றல் மூலம் சேகரிப்பதே இங்கு விளக்கப்படும் இரண்டு அமைப்புகளுக்கும் பொதுவான அடிப்படை.

மின்விளையாட்டு என்பது யாது?

கணினியிலோ கைபேசியிலோ ஆடப்படும் ஆட்டங்களை, வகுக்கப்பட்ட விதிகளின்படி அணிகள் நடுவர் முன்னிலையில் போட்டியாக ஆடுவது இ-ஸ்போர்ட்ஸ் எனப்படும் மின்விளையாட்டாகும். டோட்டா 2, கௌண்டர்-ஸ்ட்ரைக், லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஆகியவை இவற்றுள் புகழ்பெற்றவை. இம்மூன்றிலும் அணிக்கு ஐவர் ஆடுகின்றனர். 2023-ஆம் ஆண்டில் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் மின்விளையாட்டு முதன்முறையாகப் பதக்கத்துக்குரிய விளையாட்டாக இடம்பெற்றது.

ஒரு சந்திப்பில் மூன்று அல்லது ஐந்து ஆட்டங்கள் வரை நடத்தி, பெரும்பான்மை ஆட்டங்களை வென்ற அணியை வெற்றி பெற்றதாக அறிவிப்பது இவற்றில் வழக்கம். இதில் எளிய கணக்கு ஒன்று அடங்கியுள்ளது. ஓர் அணி தனியாட்டம் ஒன்றை வெல்லும் நிகழ்தகவு 0.60 என்று கொள்வோம். ஆட்டங்கள் ஒன்றையொன்று சாராதவை எனில், மூன்று ஆட்டச் சந்திப்பை அவ்வணி வெல்லும் நிகழ்தகவு 0.648, ஐந்து ஆட்டச் சந்திப்பை வெல்லும் நிகழ்தகவு ஏறத்தாழ 0.683. ஆட்டங்களின் எண்ணிக்கை கூடக்கூட வலிய அணிக்குச் சாதகம் மிகுகிறது.

2021-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் நடந்த டோட்டா 2 உலகப் போட்டியின் இறுதிச் சந்திப்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. டீம் ஸ்பிரிட் என்னும் அணி முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்றது. எதிரணியான பி.எஸ்.ஜி.எல்.ஜி.டி. அடுத்த இரண்டையும் வென்று சமன் செய்தது. ஐந்தாம் ஆட்டத்தை வென்று டீம் ஸ்பிரிட் பட்டம் பெற்றது. இரு அணிகளும் சமவலிமை உடையன என்று கொண்டால், முதல் இரண்டு ஆட்டங்களுக்குப் பின் டீம் ஸ்பிரிட்டின் நிகழ்தகவு 8-இல் 7 பங்கு, அதாவது 0.875. நான்காம் ஆட்டத்துக்குப் பின் அது மீண்டும் 0.50. ஆட்டம் நடக்க நடக்க இவ்வாறு மாறும் நிகழ்தகவைத்தான் சந்தை விலை காட்ட முயல்கிறது.

பந்தயப் பரிவர்த்தனை நிலையம்

பழைய முறையில் பந்தயம் கட்டுவோர் ‘புக்கி’ எனப்படும் பந்தயத் தொழிலரிடம் கட்டினர். விகிதத்தை நிர்ணயிப்பவர் அவரே. சமவலிமையுள்ள இரு அணிகளுக்கும் அவர் 1.90 என்ற விகிதத்தைத் தருவதாகக் கொள்வோம். அதாவது, 100 கட்டி வென்றவர்க்கு 190 கிடைக்கும். 1-ஐ 1.90-ஆல் வகுத்தால் 0.526 வருகிறது. இரு அணிகளுக்கும் சேர்த்துக் கூட்டினால் 1.052. நிகழ்தகவுகளின் கூட்டுத்தொகை 1-ஐத் தாண்ட முடியாது. மிகுதியாக நிற்கும் 0.052-ஏ தொழிலரின் ஆதாயத்துக்கு இடமளிப்பது.

பரிவர்த்தனை நிலையத்தில் இவ்விடைநபர் இல்லை. இவ்வகை நிலையங்களுள் பெயர்பெற்ற பெட்ஃபேர், ஆண்ட்ரூ பிளாக், எட்வர்ட் ரே ஆகிய இருவரால் 2000-ஆம் ஆண்டில் இலண்டனில் தொடங்கப்பெற்றது. இங்கு ஓர் அணி வெல்லும் என்று கருதுபவர் அதனை ஆதரித்தும், வெல்லாது என்று கருதுபவர் அதனை எதிர்த்தும் விகிதங்களைக் குறிக்கின்றனர். பங்குச் சந்தையில் வாங்குவோரையும் விற்போரையும் இணைப்பதுபோல், பொருந்தும் கேட்புகளை நிலையம் இணைத்து வைக்கிறது. போட்டியின் முடிவில் அதற்கு ஆதாயநட்டம் இல்லை. வென்றவரின் ஆதாயத்திலிருந்து ஒரு பங்கைத் தரகாகக் கழித்துக்கொள்கிறது. பிரிட்டனில் இத்தகைய நிலையங்கள் 2005-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்று நடைபெறுவன. அந்நாட்டுச் சட்டம் இதனைச் சூதாட்டமாகவே கருதி ஒழுங்குபடுத்துகிறது என்பது கவனிக்கத்தக்கது.

முன்கணிப்புச் சந்தை

முன்கணிப்புச் சந்தை பல்கலைக்கழகத்தில் பிறந்தது. 1988-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழக ஆசிரியர்கள், அவ்வாண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலை முன்னிட்டு ஆராய்ச்சிக்கெனச் சிறு சந்தையொன்றை ஏற்படுத்தினர். அதில் ஒருவர் 500 டாலருக்கு மேல் இடக் கூடாது என்று வரம்பு வைக்கப்பட்டது. ஆதாயம் ஈட்டுவது அதன் நோக்கமன்று. விலைகளின் வாயிலாக மக்களின் எதிர்பார்ப்பை அளந்தறிவதே நோக்கம்.

இச்சந்தையில் விற்கப்படும் பொருள் ஒப்பந்தச் சீட்டு. “இன்ன அணி இச்சந்திப்பில் வெல்லும்” என்னும் சீட்டு, அவ்வணி வென்றால் 1 டாலருக்கு மதிப்புப் பெறும். தோற்றால் ஒன்றும் பெறாது. சீட்டு 40 சென்டுக்கு விற்குமாயின், வாங்குவோரும் விற்போரும் கூடி அவ்வணியின் வெற்றிக்கு ஏறத்தாழ 0.40 நிகழ்தகவு அளித்துள்ளனர் என்று கொள்ளலாம். அணி வெல்லாது என்னும் எதிர்ச்சீட்டின் விலை அப்போது 60 சென்ட்.

பிற்காலத்தில் இம்முறை வணிகமாயிற்று. அமெரிக்காவில் கால்ஷி என்னும் நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் பண்டக எதிர்கால வணிகத்தைக் கண்காணிக்கும் மத்திய ஆணையத்திடம் அங்கீகாரம் பெற்றது. அதே ஆண்டில் தோன்றிய பாலிமார்க்கெட், எண்மச் செலாவணி கொண்டு இயங்குவது. அரசியல், பொருளாதார நிகழ்ச்சிகளில் தொடங்கிய இச்சந்தைகள் பின்னர் விளையாட்டுகளுக்கும் விரிந்தன. 2025-ஆம் ஆண்டில் கால்ஷி விளையாட்டு ஒப்பந்தங்களை விற்கத் தொடங்கியபோது, நெவாடா, நியூஜெர்சி முதலிய மாநிலங்களின் அதிகாரிகள் இது உரிமமற்ற பந்தயமே என்று கூறித் தடுக்க முற்பட்டனர், வழக்குகள் எழுந்தன. ஒரே செயலுக்கு ‘ஒப்பந்தம்’ என்று பெயரிடுவதா, ‘பந்தயம்’ என்று பெயரிடுவதா என்பதே அவ்வழக்குகளின் மையம்.

கணக்கில் ஒற்றுமை

இவ்விரு அமைப்புகளும் கணக்களவில் ஒன்றே என்பதை எளிதில் நிறுவலாம்.

பரிவர்த்தனை நிலையத்தில் வலிமை குறைந்த அணியை ஆதரித்து, 2.50 என்ற விகிதத்தில் ஒருவர் 40 டாலர் கட்டுகிறார். அணி வென்றால் அவருக்குக் கிடைப்பது 40 × 2.50 = 100 டாலர். அவரை எதிர்த்து நிற்பவர் அணி வென்றால் 60 டாலர் இழப்பார். தோற்றால் 40 டாலர் பெறுவார்.

முன்கணிப்புச் சந்தையில் அதே அணிக்குரிய 100 சீட்டுகளைத் தலா 40 சென்டுக்கு மற்றொருவர் வாங்குகிறார். செலவு 40 டாலர். அணி வென்றால் 100 டாலர். எதிர்ச்சீட்டை வாங்கியவரின் செலவு 60 டாலர். அணி தோற்றால் அவருக்கு 100 டாலர், அதாவது 40 டாலர் ஆதாயம்.

இரண்டிலும் இடப்படும் தொகை, பெறப்படும் தொகை, இழப்பு ஆகிய யாவும் ஒன்றே. 1-ஐ விகிதத்தால் வகுத்தால் விலை. 1-ஐ விலையால் வகுத்தால் விகிதம். ‘சந்தை’ என்னும் பெயர் கேட்பதற்குக் கண்ணியமாக இருப்பதால் அதில் இடர் குறைவு என்று எண்ணுவது தவறு. கணக்கு அத்தகைய வேற்றுமை எதனையும் காட்டவில்லை.

தீர்வு முறையில் வேற்றுமை

உண்மையான வேற்றுமை, போட்டி முறைப்படி நடந்து முடியாதபோது வெளிப்படுகிறது. மின்விளையாட்டில் இது அரிதன்று. இணைப்புத் துண்டிப்பு, ஆட்டவீரர் வராமை, அணி விலகல் ஆகியவற்றால் சந்திப்புகள் ஒத்திவைக்கப்படுவதும் கைவிடப்படுவதும் உண்டு.

பரிவர்த்தனை நிலையத்தில் சந்திப்பு நடவாவிடில், நிலையத்தின் விதிகளின்படி பந்தயம் செல்லாததாக்கப்பட்டுக் கட்டிய தொகை திரும்பத் தரப்படுவது பொது வழக்கம். முன்கணிப்புச் சந்தையில் சீட்டின் வாசகமே சட்டம். சந்திப்பு கைவிடப்பட்டால் இரு பக்கச் சீட்டுகளுக்கும் சரிபாதியாக 50 சென்ட் வழங்கப்படும் என்று சில சீட்டுகளில் எழுதப்பட்டிருக்கும். அப்போது 80 சென்டுக்கு வாங்கியவர் 30 சென்ட் இழக்கிறார். 20 சென்டுக்கு வாங்கியவர் 30 சென்ட் பெறுகிறார். ஆட்டமே நடவாமல் ஒருவர் பணம் மற்றவரிடம் சேர்ந்துவிடுகிறது.

இதனால் விலையின் பொருளும் மாறுகிறது. ஆட்டம் நடந்தால் வலிய அணி வெல்லும் நிகழ்தகவு 0.80 என்றும், ஆட்டம் கைவிடப்படும் நிகழ்தகவு 0.10 என்றும் கொள்வோம். சீட்டின் நியாய விலை (0.90 × 80) + (0.10 × 50) = 77 சென்ட். விலை 77 என்பதைக் கண்டு வெற்றியின் நிகழ்தகவு 77 விழுக்காடு என்று கூறுபவர் பிழை செய்கிறார். வெப்பமானி காட்டுவது எந்த இடத்தின் வெப்பம் என்று அறியாமல் அதன் எண்ணைப் படிப்பதற்கு இது ஒப்பாகும்.

தீர்ப்பு வழங்குபவர் யார் என்பதிலும் வேற்றுமை உண்டு. பரிவர்த்தனை நிலையத்தில் நிலையமே தீர்ப்பளிக்கிறது. பாலிமார்க்கெட் போன்ற சந்தையில் முடிவு குறித்துத் தகராறு எழுமாயின், அதற்கென ஏற்படுத்தப்பட்ட எண்ம வில்லைகளை உடையோர் வாக்களித்துத் தீர்ப்பது முறையாக உள்ளது. போட்டியை நேரில் நடத்திய நடுவரின் சொல்லும், தொலைவிலிருந்து வாக்களிப்போரின் சொல்லும் எப்போதும் ஒன்றாகவே இருக்கும் என்று உறுதி கூற இயலாது.

ஆள் குறைந்த சந்தை

பெரும் போட்டியின் இறுதிச் சந்திப்புக்கு வாங்குவோரும் விற்போரும் திரளாக இருப்பர். சிறு போட்டியின் முதற்சுற்றுக்கு ஒரு சிலரே இருப்பர். அப்போது வாங்குவோர் 52 என்றும் விற்போர் 68 என்றும் நிற்க, இடையில் 16 சென்ட் வெறுமை நிலவும். நடுவிலுள்ள 60-ஐ நிகழ்தகவு என்று திரையில் காட்டினாலும், அவ்விலையில் எவரும் வாங்கவுமில்லை, விற்கவுமில்லை. சிறு தொகையுடன் வரும் ஒருவரே அவ்வெண்ணை ஏற்றவோ இறக்கவோ கூடும்.

இக்குறையைப் போக்க, ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபின் ஹேன்சன் மடக்கைச் சார்பின் அடிப்படையில் ஒரு சூத்திரத்தை வகுத்தார். இதன்படி எதிரில் ஆள் இல்லாவிடினும் சூத்திரமே எப்போதும் ஒரு விலை கூறும். ஒவ்வொரு வாங்கலுக்கும் விலை சிறிது ஏறும். சந்தை அமைப்பாளருக்கு நட்டம் நேரலாம் எனினும், அதன் உச்ச அளவு முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்கும். தகவலைப் பெறுவதற்கு அவர் தரும் விலை அது எனலாம்.

எண்ணை எவ்வளவு நம்பலாம்?

மின்விளையாட்டுச் சந்தையின் விலைகளைச் சற்று ஐயத்துடன் நோக்குவதற்கு நான்கு காரணங்கள் உள்ளன.

முதலாவது, விதிகள் நிலையாக இல்லாமை. கால்பந்தின் இலக்குக் கம்பங்கள் ஆண்டுதோறும் இடம் மாறுவதில்லை. ஆனால் மின்விளையாட்டில் ஆட்டத்தைத் தயாரிக்கும் நிறுவனமே அடிக்கடி அதனைத் திருத்துகிறது. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஆட்டத்தில் ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திருத்தம் வெளிவருகிறது. கௌண்டர்-ஸ்ட்ரைக் ஆட்டத்தின் புதிய வடிவம் 2023-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்தபோது, வெற்றிக்கு 16 சுற்றுகள் தேவை என்றிருந்தது 13 சுற்றுகளாகக் குறைந்தது. பழைய பதிவுகளைக் கொண்டு புதிய ஆட்டத்தை மதிப்பிடும்போது பிழை நேருவது இயல்பே.

இரண்டாவது, சான்றுகளின் சிறுமை. ஓர் அணி வெல்லும் நிகழ்தகவு உண்மையில் 0.60 என்றிருந்து, அது 100 ஆட்டங்கள் ஆடினாலும், வெற்றிகள் ஏறத்தாழ 50 முதல் 70 வரை எவ்வளவாகவும் அமையலாம். இரு திருத்தங்களுக்கு இடையே எந்த அணியும் நூறு போட்டியாட்டங்கள் ஆடுவதில்லை. ஆகவே 0.55-ஐயும் 0.60-ஐயும் வேறுபடுத்தி அறியத்தக்க சான்று பலவேளைகளில் எவரிடமும் இருப்பதில்லை.

மூன்றாவது, செய்தி சமமாகப் பரவாமை. ஒளிபரப்பு, ஆட்டம் நடந்து சிறிது நேரம் கழித்தே பார்ப்போரை அடைகிறது. அரங்கில் இருப்பவருக்கு முன்னரே தெரிந்தது, வீட்டில் இருப்பவருக்குப் பின்னரே தெரிகிறது. திரையைப் பார்த்து அவசரமாகப் பந்தயம் கட்டுபவர், நடந்து முடிந்ததை அறிந்தவரிடம் வாங்கவோ விற்கவோ நேரிடுகிறது.

நான்காவதும் மிகக் கொடியதும் ஆவது, ஆட்டவீரரே முடிவை விற்பது. 2010-ஆம் ஆண்டில் தென்கொரியாவில் ஸ்டார்கிராஃப்ட் ஆட்டத்தில் இத்தகைய மோசடி வெளிப்பட்டு, புகழ்பெற்ற ஆட்டவீரர்கள் தடை செய்யப்பட்டனர். 2013-ஆம் ஆண்டில் டோட்டா 2 ஆட்டவீரர் ஒருவர், தம் அணி தோற்கும் என்று 100 டாலர் கட்டியது கண்டுபிடிக்கப்பட்டது. விகிதம் 3.22, கிடைக்க இருந்தது 322 டாலர். அன்றுமுதல் ‘322’ என்னும் எண், வேண்டுமென்றே தோற்பதைக் குறிக்கும் சொல்லாக அவ்வாட்டத்தின் ரசிகர்களிடையே வழங்கலாயிற்று. 1-ஐ 3.22-ஆல் வகுத்தால் 0.31. பிறர் நூற்றுக்கு முப்பத்தொன்று என மதித்த நிகழ்ச்சியை நிச்சயமாக்கிவிடும் ஆற்றல் ஆட்டக்களத்தில் இருந்த ஒருவர் கையில் இருந்தது. எருதுக்குத் தன் எடை பற்றிய பந்தயம் தெரியாது; ஆட்டவீரருக்குத் தெரியும்.

கால்ட்டனின் சீட்டுகளில் இருந்த தனித்தன்மையும் இங்கு இல்லை. சந்தைக்கு வருபவர் பிறர் இட்ட விலையைப் பார்த்த பின்னரே தம் விலையை இடுகிறார். முதலில் தோன்றிய தவறு திருத்தப்படலாம். கூட்டத்தின் ஓட்டத்தில் பெருகவும் செய்யலாம்.

அளவுகோலைச் சோதித்தல்

அளக்கும் கருவி எதுவாயினும் அதனைச் சோதித்த பின்னரே நம்ப வேண்டும் என்பது அறிவியலின் விதி. நிகழ்தகவு கூறுவோரைச் சோதிக்கும் முறையை வகுத்தவர் பந்தயக்காரர் அல்லர், வானிலையாளர். அமெரிக்க வானிலைத் துறையைச் சேர்ந்த கிளென் பிரையர் 1950-ஆம் ஆண்டில் மழை முன்னறிவிப்புகளை மதிப்பிடுவதற்காக இம்முறையை வெளியிட்டார்.

இரண்டு விளைவுகளே உள்ள நிகழ்ச்சிகளுக்கு இன்று வழங்கும் எளிய வடிவம் வருமாறு: நிகழ்ச்சி நடந்தால் 1 என்றும் நடவாவிடில் 0 என்றும் கொள்க. கூறிய நிகழ்தகவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை வர்க்கம் செய்க. பல நிகழ்ச்சிகளுக்குச் சராசரி காண்க. கிடைப்பது பிரையர் மதிப்பெண். இது குறையக் குறைய நன்று. எதுவும் அறியாமல் எப்போதும் 0.50 என்றே கூறுபவருக்கு 0.25 கிடைக்கும்.

ஒருவர் ஐந்து சந்திப்புகளுக்கு முறையே 0.70, 0.60, 0.80, 0.55, 0.90 என்று கூறினார். முதலாவது, மூன்றாவது, நான்காவது சந்திப்புகளில் அவர் கூறிய அணி வென்றது. மற்ற இரண்டில் தோற்றது. வேறுபாடுகளின் வர்க்கங்கள் 0.0900, 0.3600, 0.0400, 0.2025, 0.8100. கூட்டுத்தொகை 1.5025; சராசரி 0.3005. ஐந்தில் மூன்றைச் சரியாகக் கூறியும், ஒன்றுமறியாதவரினும் தாழ்ந்த மதிப்பெண்ணே அவருக்குக் கிடைக்கிறது. 0.90 என்று மிகையான உறுதியுடன் கூறியதே இதற்குக் காரணம். அக்கடைசி அணி வென்றிருப்பின் சராசரி 0.1405 ஆகியிருக்கும். ஒரே சந்திப்பு முடிவைத் தலைகீழாக்குகிறது. நாலைந்து முறை சரியாகக் கூறியவரைத் தேர்ந்த அறிஞர் என்று கொண்டாடுதல் எத்துணைப் பிழை என்பதை இது காட்டும்.

பணம் இன்றியமையாததா?

பணம் இழக்க நேரும் என்னும் அச்சமே மக்களை உண்மையாகச் சிந்திக்க வைக்கிறது. ஆகவே பணமின்றி நல்ல முன்கணிப்பு இல்லை என்று இச்சந்தைகளை ஆதரிப்போர் கூறுவதுண்டு. இக்கூற்று ஆராய்ந்து பார்க்கப்பட்டிருக்கிறது. அமெரிக்கக் கால்பந்துத் தொடரின் 208 ஆட்டங்களுக்கு, உண்மைப் பணம் புழங்கிய ஒரு சந்தையின் விலைகளையும், வெறும் விளையாட்டுப் புள்ளிகள் புழங்கிய ஒரு சந்தையின் விலைகளையும் ஆய்வாளர் நால்வர் ஒப்பிட்டு 2004-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். இரண்டின் துல்லியமும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஓர் ஆய்வு எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. எனினும், அறிவைப் பெறுவதற்குப் பணயம் வைத்தே தீர வேண்டும் என்பது நிறுவப்பட்ட உண்மையன்று என்பதை அது தெளிவாக்குகிறது.

பணம் புழங்கும்போது நேர்வது யாது என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். சம அறிவுள்ள நண்பர் இருவர், ஒவ்வொரு சந்திப்புக்கும் தலா 50 டாலர் வைத்து ஒருவரையொருவர் எதிர்த்துப் பந்தயம் கட்டுகின்றனர். வென்றவரின் ஆதாயத்தில் நூற்றுக்கு 5 தரகு. ஒவ்வொரு முறையும் 2.50 டாலர் நிலையத்துக்குச் செல்கிறது. இருபது சந்திப்புகள் முடிந்ததும் இருவரிடமிருந்தும் சேர்ந்து 50 டாலர் வெளியேறிவிடும். வென்றவர் யார் என்பது எவ்வாறாயினும், இருவரையும் ஒருசேர நோக்கினால் அவர்கள் ஏழைகளாகியிருப்பர். பயிர்த்தொழிலில் ஒருவரின் விளைச்சல் மற்றவருக்கு நட்டமன்று. இங்கோ புதிதாக விளைவது ஒன்றுமில்லை. இருப்பது கைமாறுகிறது, கைமாறும்போது தேய்கிறது.

நம் நாட்டின் நிலை

நம் நாட்டில் மின்விளையாட்டும் பணப்பந்தயமும் சட்டத்தால் தெளிவாகப் பிரிக்கப்பட்டுள்ளன. 2022-ஆம் ஆண்டு டிசம்பரில் மின்விளையாட்டு, மத்திய இளைஞர் நலம் மற்றும் விளையாட்டு அமைச்சகத்தின் பொறுப்பில் சேர்க்கப்பட்டது. 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், ‘கருத்து வணிகம்’ என்ற பெயரில் ஆம்-இல்லைச் சீட்டுகளை விற்கும் தளங்கள் தன் ஒழுங்குமுறைக்கு உட்பட்டவை அல்ல என்றும், அவற்றில் பணம் இடுவோருக்கு முதலீட்டாளர் பாதுகாப்புக் கிடையாது என்றும் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி பொதுமக்களை எச்சரித்தது.

அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் பாராளுமன்றம் இணையவழி விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆகஸ்டு 22-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். இச்சட்டம் மின்விளையாட்டை முறையான விளையாட்டாக ஏற்று ஊக்குவிக்கிறது. பணம் கட்டிப் பணம் பெறும் இணையவழி ஆட்டங்களை, அவை திறமையால் அமைவதாயினும் தற்செயலால் அமைவதாயினும், தடை செய்கிறது. அத்தகைய ஆட்டங்களை நடத்துவோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும், விளம்பரம் செய்வோருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் ஐம்பது இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க அதில் இடமுண்டு. “இது சூதன்று, முன்கணிப்பு” என்று பெயர் மாற்றிக் கூறி வரும் அழைப்புகளை இளைஞர் நம்பி ஏமாறாதவாறு களப்பணியாளர் இச்செய்தியை ஊர்தோறும் எடுத்துரைத்தல் வேண்டும்.

வகுப்பறையில் செய்யத்தக்கது

இவற்றால் பெறப்படுவது யாதெனின், முன்கணிப்புச் சந்தையும் பந்தயப் பரிவர்த்தனை நிலையமும் ஒரே கணக்கின் இரு வடிவங்கள். அவற்றின் விலை ஓர் அளவீடு. எல்லா அளவீடுகளையும் போல அதற்கும் பிழை உண்டு. மின்விளையாட்டில் அப்பிழை பெரிது. அவ்வளவீட்டிலிருந்து கற்கத்தக்கது யாவற்றையும் ஒரு காசும் வைக்காமலே கற்கலாம்.

ஆசிரியர் இதனைச் செய்து காட்டலாம். நாளை பள்ளியில் மழை பெய்யுமா, வாரக் கடைசியில் நடக்கும் கபடிப் போட்டியில் எந்த அணி வெல்லும், வகுப்புக்கு நாளை எத்தனை பேர் வருவர் என்பன போன்ற இருபது முப்பது நிகழ்ச்சிகளைத் தேர்ந்து, மாணவர் ஒவ்வொருவரும் பிறர் எழுதியதைப் பாராமல் தம் நிகழ்தகவைக் குறிப்பேட்டில் எழுதச் செய்யலாம். எண்ணிக்கை பற்றியவற்றை “முப்பதுக்கு மேல் வருவரா?” என்று ஆம்-இல்லை வடிவில் அமைத்துக்கொள்ள வேண்டும். மாத முடிவில் ஒவ்வொருவருக்கும் பிரையர் மதிப்பெண் கணக்கிட்டு, வகுப்பின் நடுமதிப்புக்கு உரிய மதிப்பெண்ணையும் அருகில் வைத்துப் பார்க்கலாம். தாம் அறிந்தது எவ்வளவு, அறிந்ததாக எண்ணியது எவ்வளவு என்பதை மாணவர் தம் கையெழுத்திலேயே காண்பர். அதனைக் கண்ட மாணவன், திரையில் 60 என்ற எண் அடுத்த முறை தோன்றும்போது பணப்பையைத் தேடமாட்டான். அவ்வெண்ணை இட்டவர் யார், அவர் அறிந்தது என்ன என்று கேட்பான்.